எடுத்துக்காட்டு அல்லாதது

அச்சங்குளம் வழி
17.6.2003

அக்காவுக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதி அடித்துவிட்டேன். இரண்டு வருஷமாக முகம் பார்த்துப் பேசாதவன் திடீரென்று அன்பைக் கொட்டினால் உனக்கே சிரிப்பு வரும்.

நீ நடத்திய அந்தப் பயிற்சி முகாமில் அத்தனை ஆசிரியர்கள் முன்னால் நான் எழுந்து, “விதியை முதலில் சொல்லிவிட்டு உதாரணம் காட்டுவது, சோற்றை மென்று பிள்ளை வாயில் ஊட்டுகிற வேலை” என்று சொன்னது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் நீ சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, “வெளியே போங்கள், ஜெயசுந்தர்” என்றாயே, அந்தப் ‘போங்கள்’தான் இன்னும் உறுத்துகிறது. சொந்தத் தம்பியிடம் யாராவது அப்படி மரியாதையாகப் பேசுவார்களா?

போகட்டும். நீ வாங்கிக்கொடுத்த மிஷன் பள்ளி வேலையை விட்டது உனக்குத் தெரியும். இப்போது இந்த ஊரில் சிறப்புப் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். பட்டாசு கம்பெனிகளிலிருந்து மீட்டு வந்த பிள்ளைகளுக்கான பள்ளி. ஒரே ஓட்டுக் கட்டடம், ஒரே வாத்தியார். ஒன்பது வயதிலிருந்து பதிமூன்று வரை எல்லாரும் ஒரே வகுப்பு. விரல் இடுக்கில் இன்னும் வெள்ளிப்பொடி போகாத பிள்ளைகள்.

அடுத்த மாதம் சென்னையிலிருந்து ஒரு அதிகாரி வருகிறார். ‘குழந்தைத் தொழிலாளர் என்றால் யார்’ என்று பிள்ளைகளிடமே கேட்பாராம். ஒழுங்காகப் பதில் சொன்னால் பள்ளி தொடரும். இல்லையென்றால் இந்த வருஷத்தோடு பூட்டு.

என் முறையில்தான் நடத்திப் பார்த்தேன். “நீங்களே சொல்லுங்க, யார் குழந்தைத் தொழிலாளி? உதாரணத்தைச் சேர்ப்போம், அதிலிருந்து விதியைக் கண்டுபிடிப்போம்” என்றேன். ஆடு மேய்க்கிறவன் உண்டா என்றான் ஒருவன். தங்கச்சியை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிவது வேலையா என்றாள் ஒருத்தி. ஏஜெண்டு மகன் கடையில் கல்லாவில் உட்காருகிறானே, அவன்? மத்தியானத்துக்குள் இரண்டு பெண்கள் தலைமுடியைப் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் பாண்டிச்செல்வி எழுந்தாள். பன்னிரண்டு வயது, வகுப்பிலேயே கெட்டி. “சார், எதுன்னு மொதல்ல சொல்லிட்டுக் கேளுங்க சார். தேடுறது என்னன்னே தெரியாம எப்படித் தேடுறது?” என்றாள்.

அவள் பேசியபோது எனக்கு உன் குரல்தான் கேட்டது. தோற்றுவிட்டேன் என்று வைத்துக்கொள். உன் விதிவிளக்கு முறையில் இந்த ஒரு கருத்துக்கு ஒரு பாடம் எழுதி அனுப்பு. எல்லை தெளிவாக இருக்க வேண்டும். எது உண்டு, எது இல்லை என்று இந்தப் பிள்ளைகள் சண்டை போடாத அளவுக்குத் தெளிவாக.

தம்பி,
ஜெயசுந்தர்


விருதுநகர்
1.7.2003

தம்பி சுந்தருக்கு,

கர்த்தர் உன்னைக் காக்கட்டும். அந்தப் ‘போங்கள்’ உறுத்துகிறதாம். ‘போடா’ என்று சொல்ல அது நம் வீட்டு அடுப்படியா?

நான் இருபத்திரண்டு வருஷமாக ஆசிரியர்களுக்குச் சொல்லிவருவதை உன் பாண்டிச்செல்வி ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். களைத்துப்போய் வருகிற பிள்ளைக்குக் கண்ணாமூச்சி ஆட நேரம் இல்லை. விதியைக் கையில் கொடு, பிறகு அவள் அதை வைத்து உலகத்தைப் பிரித்துப் பார்க்கட்டும்.

பாடத்தைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். சாரத்தை மட்டும் இங்கே சொல்கிறேன். கரும்பலகையில் முதலில் வரையறை: பதினான்கு வயது நிரம்பாமல், பிறரிடம், தன் உழைப்புக்குக் கூலி பெற்று வேலை செய்பவர் குழந்தைத் தொழிலாளர். இதில் வயது, பிறர், கூலி என்று மூன்று பண்புகள். மூன்றும் இருந்தால்தான் உண்டு, ஒன்று குறைந்தாலும் இல்லை. இதைப் பிள்ளைகள் விரல்விட்டுச் சொல்லப் பழகட்டும். பிறகு எடுத்துக்காட்டு: தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கும் சிறுவன், டீக்கடையில் கிளாஸ் கழுவும் சிறுவன். பிறகு எடுத்துக்காட்டு அல்லாதது. இங்கேதான் நம் ஆட்கள் கோட்டைவிடுகிறார்கள். ‘பள்ளிக்குப் போகும் சிறுமி’ என்று எழுதி வைப்பார்கள். அதனால் யாருக்கு என்ன தெளியும்? அல்லாதது என்பது எல்லைக்கோட்டை ஒட்டி நிற்க வேண்டும். பார்த்தால் உண்டு போலத் தோன்ற வேண்டும், விதியைப் போட்டால் இல்லை என்று வர வேண்டும்.

ஆகவே நான் கொடுத்திருப்பது இது: ‘வீட்டில் தாயோடு அமர்ந்து பட்டாசுப் பெட்டி ஒட்டும் சிறுமி. இது தாய்க்குச் செய்யும் உதவி. குழந்தை உழைப்பு ஆகாது.’ வயது இருக்கிறது. பிறர் இல்லை, கூலி அவள் கைக்கு வருவதில்லை. சட்டப் புத்தகத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டேன். குடும்பத்தாரோடு சேர்ந்து செய்வதற்கு அதிலேயே விலக்கு இருக்கிறது. உன் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமானது கிடைக்காது.

நான் தொகுக்கும் மாவட்டக் கையேட்டிலும் இந்தப் பாடத்தைச் சேர்க்கிறேன். நன்றி சொல்ல வேண்டியதில்லை. சாத்தூர் காராச்சேவு அனுப்பு.

இன்பம்


அச்சங்குளம் வழி
22.7.2003

அன்புள்ள அக்கா,

இந்தத் தடவை அடிக்கவில்லை, பார்த்துக்கொள்.

பள்ளி பிழைத்தது. அதிகாரி வந்தார், உட்கார்ந்தார், கேட்டார். பிள்ளைகள் மூன்று விரலையும் நீட்டி, “வயசு, பிறர், கூலி” என்று ஓங்கிச் சொன்னதில் கூரை ஓடே அதிர்ந்தது. அவர் விடாமல், “சரி, பெட்டி ஒட்டுற பிள்ளை?” என்றார். பாண்டிச்செல்வியின் தங்கச்சி பானுப்பிரியாவுக்கு ஒன்பது வயது. அவள் எழுந்து, “வீட்டில் தாயோடு அமர்ந்து பட்டாசுப் பெட்டி ஒட்டும் சிறுமி. இது தாய்க்குச் செய்யும் உதவி. குழந்தை உழைப்பு ஆகாது” என்று உன் வாக்கியத்தை முற்றுப்புள்ளி உட்பட ஒப்பித்தாள். அதிகாரி கைதட்டினார். போகும்போது பதிவேட்டில் ‘மிகச் சிறப்பு’ என்று எழுதினார்.

அவர் வருவதற்கு முன்பு ஒருநாள் வகுப்பில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், உனக்குப் பிடிக்கும். பாடத்தை முடித்துவிட்டு, “நீங்களா ஒரு கேள்வி கேளுங்க, விதியைப் போட்டுப் பார்ப்போம்” என்றேன். நீ எழுதியிருந்த கடைசிப் படி அதுதானே. பாண்டிச்செல்வி, “வீட்ல பெட்டி ஒட்டுனா இல்லைங்கீக. வீட்ல திரி சொருகுனா?” என்றாள். வகுப்பே அவளைத் திரும்பிப் பார்த்தது. நான் அசரவில்லை. “விரலை நீட்டு. வயசு?” “இருக்கு சார்.” “யார்கிட்ட வேலை?” “எங்க அம்மாகிட்ட.” “கூலி?” “அம்மாதான் வாங்கும்.” “அப்போ?” அவள் நீட்டிய விரல்களில் இரண்டை மடக்கிப் பார்த்துவிட்டு, “இல்ல சார்” என்றாள். முகத்தில் ஒரு நிம்மதி. சபாஷ் என்று நானே கைதட்டினேன்.

உன் முறை கத்திதான். அன்றைக்கு முகாமில் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். காராச்சேவு தனிப் பார்சலில் வருகிறது.

ஜெயசுந்தர்


விருதுநகர்
11.8.2003

அன்புத் தம்பிக்கு,

காராச்சேவில் காரம் குறைவு. உன் கடிதத்தை மட்டும் பயிற்சி நிறுவனத்தில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன்.

கையேடு அச்சுக்குப் போய்விட்டது. உங்கள் சிவகாசியில்தான் அச்சாகிறது. மாவட்டத்தில் எல்லாத் தொடக்கப்பள்ளிக்கும் ஒன்று வரும். உன் பாடம் ஏழாவது. ‘களத்தில் சோதிக்கப்பட்டது’ என்று அடிக்குறிப்பு போட்டிருக்கிறேன், உன் பள்ளியை மனதில் வைத்துத்தான். இந்தக் கையேடு நன்றாக வந்தால் எங்கள் நிறுவன முதல்வர் பதவிக்கு என் பெயர் போகும் என்று பேச்சு இருக்கிறது. இருக்கட்டும், பேச்சுதானே.

ஒன்று மட்டும் மனதில் நெருடுகிறது. அந்தப் பெண் திரியைப் பற்றி ஏன் கேட்டாள்? பெட்டி என்பது வெறும் அட்டையும் பசையும். திரி அப்படி இல்லையே, அது கம்பெனிக்கு வெளியே போகவே கூடாது என்றுதானே சட்டம்? சும்மா கேட்டிருப்பாள் என்று நினைக்கிறேன். கெட்டிக்காரப் பிள்ளைகள் விதியின் ஓரத்தைத் தட்டித்தான் பார்க்கும்.

கிறிஸ்துமசுக்கு வீட்டுக்கு வா. அப்பா படத்துக்குக் கீழே உன் நாற்காலி சும்மாதான் கிடக்கிறது. துணி காயப்போட்டுக்கொண்டிருக்கிறேன்.

இன்பம்


அச்சங்குளம் வழி
29.9.2003

அக்கா,

அவள் சும்மா கேட்கவில்லை.

சீசன் உச்சத்தில் இருக்கிறது. தீபாவளிக்கு லோடு ஏற்றிவிட வேண்டும் என்று ஊரே பறக்கிறது. கம்பெனிகளில் சோதனை கடுமையாகிவிட்டது, பிள்ளைகளை உள்ளே விடுவதில்லை. சந்தோஷப்பட வேண்டிய சேதிதான். ஆனால் பிள்ளைகள் போக முடியாத இடத்துக்கு வேலை போகாமலா இருக்கும்? வேலை பிள்ளைகளைத் தேடி வீட்டுக்கு வருகிறது. முதலில் பெட்டி வந்தது, பிறகு காகிதக் குழாய். இப்போது திரி வருகிறது, வெடிமருந்தும் வருகிறது. சோலைச்சாமி என்று ஒரு ஏஜெண்டு, டிவிஎஸ் வண்டியில் கோணிப்பையில் கட்டிக் கொண்டுவந்து வீடுவீடாக இறக்குகிறான்.

என் வகுப்பில் பாதிப் பேர் உட்கார்ந்துகொண்டே தூங்குகிறார்கள். பாண்டிச்செல்வி நின்றுகொண்டே தூங்குகிறாள். “வேலை பார்க்கிறியா?” என்று கேட்டேன். கண்ணைத் திறக்காமலே இரண்டு விரலை மடக்கிக் காட்டினாள். “நான் உதாரணம் இல்ல சார். அல்லாதது” என்றாள். வகுப்பே சிரித்தது.

சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை. அப்பன் முத்துக்கருப்பன் லாரிக்குப் போனவன் திரும்பவில்லை. அம்மா அய்யம்மாள் குழாயில் மருந்து அடைக்கிறாள், பாண்டிச்செல்வி திரி சொருகுகிறாள், பானு காய்ந்ததை அடுக்குகிறாள். நாலு முழம் தள்ளி மண்ணெண்ணெய் அடுப்பில் சோறு கொதிக்கிறது. கம்பெனியில் மருந்து அறைக்குப் பக்கத்தில் தீப்பெட்டியோடு ஒருவன் நடக்க முடியுமா? இங்கே சமையலே நடக்கிறது.

“என்னம்மா இது?” என்றேன். அவளுக்குக் கோபமோ பயமோ இல்லை. “உக்காருங்க சார், காப்பி குடிக்கீகளா?” என்றாள். “வீட்ல தாயோட உக்காந்து செஞ்சா தப்பில்லன்னு பிள்ளைகளே சொல்லுதுகளே. நீங்கதான சொல்லிக்குடுத்தீக?”

சோலைச்சாமியை டீக்கடையில் பிடித்துச் சத்தம் போட்டேன். அவன் சிரித்துக்கொண்டே, “சார், ஒங்க பாடந்தான் எங்களுக்கு லைசென்சு. மெட்ராஸ் ஆபீசரே கைதட்டிட்டுப் போயிருக்காக” என்றான். அவனிடம் கையேட்டின் அந்தப் பக்கம் நகல் இருக்கிறது. ஏழாவது பாடம். தயங்குகிற வீட்டில் அதைக் காட்டித்தான் பையை இறக்குகிறானாம்.

நானும் சும்மா இருக்கவில்லை. போலீசுக்கு எழுதினேன், தாசில்தாருக்கு எழுதினேன். சோதனைக்கு வருவதற்கு முன்னால் சேதி வந்துவிடுகிறது, வீட்டில் பெட்டி மட்டும்தான் இருக்கிறது.

அக்கா, நீ ஒன்று செய்ய வேண்டும். அந்த எடுத்துக்காட்டைத் தவறு என்று அறிவித்து, எல்லாப் பள்ளிக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பு. உன் கையெழுத்தோடு. அந்தத் தாளுக்கு இருக்கிற மரியாதை அதனால் மட்டும்தான் போகும். தீபாவளிக்கு முன்னால் வேண்டும்.

ஜெயசுந்தர்


விருதுநகர்
9.10.2003

தம்பிக்கு,

உன் கடிதத்தை நாலைந்து முறை படித்தேன். நிதானமாகப் பதில் எழுதுகிறேன், நீயும் நிதானமாகப் படி.

நான் எழுதியது பெட்டி ஒட்டுவது. மருந்து அடைப்பது என்று நான் எங்கும் எழுதவில்லை. திரிக்கு விதியைப் போட்டுக் காட்டியது நீ. போட்டுக் காட்டிக் கைதட்டியதும் நீ. அதை உன் கடிதத்திலேயே எழுதியிருக்கிறாய்.

ஒரு வரையறையின் வேலை பிரித்துக் காட்டுவது. அது காவலுக்கு நிற்காது. அயோக்கியன் ஒருவன் ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்தால் அதற்கு அந்தத் தாளை எழுதியவள் என்ன செய்வாள்? வேதாகமத்தையே காட்டி ஊரை ஏய்க்கிறவர்கள் இல்லையா?

கையேடு வெளியாகி ஒரு மாதம்தான் ஆகிறது. இந்த நேரத்தில் ‘ஏழாம் பாடம் தவறு’ என்று நானே சுற்றறிக்கை விட்டால் மற்றப் பாடங்களை யார் மதிப்பார்கள்? பதவிக்காகச் சொல்கிறேன் என்று நினைப்பாய். கொஞ்சம் அதுவும்தான். இந்த இடத்துக்கு நான் யார் தோளிலும் ஏறி வரவில்லை. ஜூனில் இரண்டாம் பதிப்பு வருகிறது. அதில் அந்த எடுத்துக்காட்டை மாற்றிவிடுகிறேன். வாக்குக் கொடுக்கிறேன்.

அதுவரை நீ அந்த வீட்டுக்குப் போய், அடுப்பையாவது வெளியே வைக்கச் சொல்.

இன்பம்


அச்சங்குளம் வழி
20.10.2003

அக்கா,

பாண்டிச்செல்வி செத்துப்போனாள்.

நேற்று ஞாயிறு, காலையில். அய்யம்மாள் தண்ணீருக்குக் குழாயடிக்குப் போயிருந்தாள். பானு அவளோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு போயிருந்தாள். அடுப்பு வெளியேதான் இருந்தது. நீ சொன்னாய், நானும் போய்ச் சொன்னேன், வைத்தார்கள். மழை தூறியதும் பாண்டிச்செல்விதான் அதைத் தூக்கி உள்ளே வைத்திருக்கிறாள்.

நான் போனபோது சுவர் மட்டும் நின்றது.

அடக்கம் பண்ண ஊர்க்காரர்கள் பெரியாஸ்பத்திரியிலிருந்து வாங்கிவந்தது மிகச் சின்ன மூட்டை.

உன் ஜூன் மாதத்தை நீயே வைத்துக்கொள்.

ஜெயசுந்தர்


விருதுநகர்
23.10.2003

சுந்தர்,

கடிதம் இன்று வந்தது. நாளைக்குத் தீபாவளி. இப்போதே தெருவெல்லாம் வெடிச்சத்தம். காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஜெபிக்கப் பார்த்தேன். வேதாகமத்தைத் திறந்தேன், மூடிவிட்டேன்.

நான் அங்கே வரலாமா? வா என்று ஒரு வரி எழுது, வருகிறேன்.

அக்கா


அச்சங்குளம் வழி
18.12.2003

அக்கா,

உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுதாததற்கு மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. எழுதியிருந்தால் அசிங்கமாக எழுதியிருப்பேன். திட்டுவதற்கு உன்னைவிட என் பெயர்தான் முதலில் வந்தது. கைதட்டியது நான்தானே.

இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. அந்தப் பிள்ளை எந்தக் கணக்கிலும் இல்லை. அவள் செத்தது வேலையில் அல்ல, வீட்டு விபத்து என்று சோலைச்சாமியை அனுப்பிய கம்பெனி சொல்கிறது. எங்கள் ஆள் பட்டியலில் அவள் பெயர் இல்லை, தாய்க்கு உதவி செய்தவளுக்கு நாங்கள் எப்படிப் பொறுப்பு என்று பதில் கொடுத்திருக்கிறது. அதோடு இணைத்திருப்பது உன் ஏழாம் பாடம். சீல் வைத்த நகல். அரசுக் கையேட்டிலேயே இப்படித்தான் வரையறுத்திருக்கிறது என்கிறார்கள்.

அதைப் பார்த்ததும் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. தொழிலாளர் துறை அலுவலகத்திலேயே மேஜையைத் தட்டிக் கத்தினேன். என்னை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். சிறப்புப் பள்ளிக்கு இப்போது வேறு ஆள். விசாரணை நடக்கும் இடத்துக்குள் நான் நுழையக் கூடாது என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள்.

விசாரணை ஜனவரி பத்தொன்பது, சிவகாசியில். அவள் அந்தக் கம்பெனிக்காக வேலை செய்து செத்தாள் என்று பதிவாக வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்பது. அது பதிவானால்தான் சோலைச்சாமிகள் இன்னொரு வீட்டில் பையை இறக்கப் பயப்படுவார்கள். அதற்கு இரண்டு பேர் பேச வேண்டும். அந்த வாக்கியம் தவறு என்று அதை எழுதிய நீ சொல்ல வேண்டும். மருந்து கம்பெனியிலிருந்து வந்தது, வேலையும் கம்பெனி வேலைதான் என்று அய்யம்மாள் சொல்ல வேண்டும்.

அய்யம்மாள் தயங்குகிறாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். மருந்தை வீட்டில் வைத்திருந்ததாக அவளே ஒத்துக்கொண்டால் கேஸ் அவள்மேல்தான் வரும், ஜெயிலுக்குப் போனால் பானுவை அனாதை விடுதியில் விட்டுவிடுவார்கள் என்று சோலைச்சாமி பயமுறுத்தி வைத்திருக்கிறான். வக்கீலை வைத்துப் பேசினேன். தலையை ஆட்டினாள். சொல்வாள் என்று நினைக்கிறேன்.

நீ வருவாயா? முதல்வர் பதவிக்கான பட்டியல் அந்த வாரம்தான் வருகிறது என்று கேள்விப்பட்டேன். தெரிந்துதான் கேட்கிறேன்.

ஜெயசுந்தர்


விருதுநகர்
21.1.2004

அன்புள்ள தம்பி,

நீ வாசலுக்கு எதிரே டீக்கடையில் நின்றதைப் பார்த்தேன். வெளியே வந்ததும் உன்னிடம் வந்திருக்க வேண்டும். பஸ்ஸில் ஏறிவிட்டேன். என் வாயால் சொல்ல முடியாது என்றுதான் எழுதுகிறேன். உள்ளே நடந்ததை நீ என்னிடமிருந்துதான் அறிய வேண்டும்.

முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். ஏழாம் பாடம் நான் எழுதியது, அதில் உள்ள எடுத்துக்காட்டு தவறு என்றேன். எப்படித் தவறு என்று விசாரணை அதிகாரி கேட்டார். மரியாதையான மனிதர்தான். “கூலியை யார் கையில் வாங்குகிறார்கள் என்று பார்த்தேன். யாருக்காக உழைக்கிறார்கள் என்று பார்க்கவில்லை. கம்பெனி வேலை வீட்டுக்குள் வந்தால் அந்த வீடு கம்பெனிதான். எல்லை தெளிவாக இருக்க வேண்டும் என்பதற்காக, கோடு எங்கே போடச் சுலபமோ அங்கே போட்டுவிட்டேன்” என்றேன். அவர் அப்படியே எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டேன். கம்பெனி வக்கீல், “இதை இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?” என்றார். பதவி என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்கள். பட்டியலில் இனி என் பெயர் இருக்காது. அதைப் பற்றி எனக்கு இப்போது ஒன்றும் தோன்றவில்லை, நீ வருத்தப்படாதே.

பிறகு அய்யம்மாளைக் கூப்பிட்டார்கள்.

நான் அவளை அதற்கு முன் பார்த்ததில்லை. மெலிந்த உடம்பு, முப்பது வயதுதான் இருக்கும், புதுச்சேலை. யாரோ வாங்கிக்கொடுத்த சேலை என்று பார்த்ததும் தெரிந்தது, மடிப்புக்கூடக் கலையவில்லை. பானுவைக் கதவோரம் நிறுத்திவிட்டு வந்து நின்றாள்.

“உங்க மக பாண்டிச்செல்வி என்ன வேலை செஞ்சுகிட்டிருந்தா?” என்று அதிகாரி கேட்டார்.

அவள் கையைக் கட்டிக்கொண்டாள். கண்ணைச் சுவரில் ஓர் இடத்தில் நிறுத்திக்கொண்டாள். பிறகு, உன் ஊர்ப் பேச்சு கொஞ்சமும் கலக்காமல், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்: “வீட்டில் தாயோடு அமர்ந்து பட்டாசுப் பெட்டி ஒட்டும் சிறுமி. இது தாய்க்குச் செய்யும் உதவி. குழந்தை உழைப்பு ஆகாது.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று நீ சொல்லியிருந்தாயே. அப்போதுதான் கதவுப் பக்கம் பார்த்தேன். பானு தாயையே பார்த்துக்கொண்டு, சத்தமில்லாமல் கூடவே உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். ‘அமர்ந்து’ என்ற சொல்லில் தாய் தடுமாறியபோது பிள்ளையின் கழுத்து முன்னால் நீண்டது.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “மருந்து எங்கிருந்து வந்ததும்மா?” என்றார். “தெரியாதுங்கய்யா.” “திரி?” “தெரியாதுங்கய்யா.” “யாராவது சொல்லிக்கொடுத்தாங்களா?” அதற்கு மறுபடியும் அதே மூன்று வாக்கியத்தை ஒப்பித்தாள். அவளுக்கு அவ்வளவுதான் தெரியும். எந்தக் கேள்விக்கும் அதுதான் பதில் என்று பழக்கியிருக்கிறார்கள். முதலில் விதி, பிறகு திரும்பத் திரும்பச் சொல்லவைத்தல், பிழை வந்தால் திருத்துதல். என் படிகள்தான். சோலைச்சாமி தாளைக் கொடுத்திருப்பான், ஆனால் அவனால் இவ்வளவு சுத்தமாகச் சொல்லிக்கொடுக்க முடியாது. அந்தப் பிள்ளைதான் தாய்க்கு வாத்தியாராக இருந்திருக்கிறாள். நீ அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாய், நான் உனக்கு.

வீட்டு விபத்து என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். என் வாக்குமூலத்தைக் கடைசியில் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். தாயே இப்படிச் சொல்லும்போது என் தப்பை நான் ஒப்புக்கொள்வதால் ஒன்றும் ஆகாது என்று அதிகாரி வருத்தத்தோடு சொன்னார். வழக்கு இல்லை, யார்மேலும் இல்லை. அய்யம்மாள்மேலும் இல்லை. பானு அவளோடுதான் இருப்பாள். அவள் கேட்டது அது ஒன்றுதான், அது கிடைத்துவிட்டது. அவள்மேல் உனக்குக் கோபம் வரும். வரக்கூடாது, சுந்தர். இருக்கிற பிள்ளையைப் பிடித்துக்கொண்டாள்.

வராந்தாவில் அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். நான் யார் என்று பானு காதில் சொல்லியிருப்பாள் போலிருக்கிறது. முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாடத்தை எழுதிய டீச்சர் முன்னால் நிற்கிற மரியாதையோடு, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“டீச்சர், நான் சரியாச் சொன்னேனா?”

பானு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அவளைவிடக் கவலையாக என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரியாச் சொன்னீங்கம்மா” என்றேன்.

இன்பம்